மூன்றாவது தூணின் சிப்பி

பிசின் என்பது அவளுக்கு அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

இரண்டு வயதில் அப்பாவின் பட்டறைக்குப் போனவள் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தாளாம். சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போதும் கையில் ஸ்பேனர், தூங்கும்போதும் கையில் ஸ்பேனர். "இது பிள்ளை இல்ல, பிசின்" என்றார் அப்பா. ஸ்பேனர் மறுநாளே அப்பா கைக்குத் திரும்பிவிட்டது. பெயர்தான் பத்து வயதாகியும் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அவருடைய தகரப் பட்டறை கடலை ஒட்டிய கல்மேட்டில் இருந்தது. பக்கத்திலேயே கடலுக்குள் நீண்டு போகும் பாலம். பாலத்துக்கு ஒன்பது தூண்கள். பட்டறை வாசலில் நின்று ஒரு கல்லை வீசினால் மூன்றாவது தூணில் போய் 'டொக்' என்று படும். பிசின் பல தடவை வீசிப் பார்த்திருக்கிறாள்.

பாலத்தின் நுனிக்கு மாதம் நாலைந்து தடவை எண்ணெய்க் கப்பல் வரும். அங்கிருந்து பாலத்துப் பலகைகளுக்கு அடியில் ஒரு தடித்த குழாய் கரையிலுள்ள பெரிய தொட்டிகள் வரைக்கும் ஓடியது. மேலே நடப்பவர்களுக்கு அப்படி ஒரு குழாய் இருப்பதே தெரியாது.

அம்மாவின் வேலையும் அந்தப் பாலத்தில்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி, தூண்களில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சிப்பிகளைக் கத்தியால் நெம்பிக் கூடையில் போடுவாள். ஆறாவது தூண் வரை நடந்து போகலாம். அதற்கு மேல் நீச்சல். கூடை நிறைந்ததும் தெருமுனை உணவகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அங்கே சமையல்காரர் சிப்பியை வேகவைத்துக் கிண்ணத்தில் வைத்தால், அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சமையல்காரர் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிப்பியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். அடுத்த வாரமும் திருப்பினார். அதற்கடுத்த வாரம் கூடையை வாங்கவே இல்லை.

கடலில் எண்ணெய் என்றதும் ஊர்க் கண்ணெல்லாம் எங்கே போகும்? பட்டறைக்குத்தான் போயிற்று.

அப்பா பழைய எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் மூடி போட்ட பீப்பாயில் ஊற்றி வைப்பவர். தரையில் சிந்தினால் மரத்தூளைப் போட்டு அள்ளிவிடுவார். மாதக் கடைசியில் லாரி வந்து பீப்பாயை எடுத்துக்கொண்டு போகும். பிசினுக்கு இது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா ஒரு வேலை செய்தாள். வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கொடி கட்டி, அப்பாவின் சட்டைகளை மட்டும் அதில் காயப்போட ஆரம்பித்தாள். தன்னுடைய கூடைகளைப் பக்கத்திலேயே விடவில்லை.

அப்பா அந்தக் கொடியைப் பார்த்தார். அன்றிலிருந்து கை கழுவ அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சோப்பு மூன்று நாளில் கரைந்தது. வாடை மட்டும் கரையவில்லை.

இந்த நேரத்தில்தான் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு அக்கா வந்தாள். துறைமுகத்து ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்து கண்ணாடிக் குப்பிகளை அடுக்கினாள். எல்லாரும் அவளைச் சோதனை அக்கா என்றார்கள். "பேரே சரியில்லையே, நமக்கு என்ன சோதனை வரப்போகுதோ" என்றார் அப்பா.

சோதனை அக்காவின் வேலை, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவள் சிப்பிகளையே நம்பினாள். தூரத்துச் சுத்தமான கடலிலிருந்து ஒரே அளவுச் சிப்பிகளை எடுத்து வந்து ஒன்பது கம்பிக்கூடுகளில் போட்டாள். ஒவ்வொரு கூட்டிலும் நம்பர் அடித்த ஒரு தகடு. அதைத் தொங்கவிடும் கயிற்றின் மேல்முனையிலும் அதே நம்பரில் இன்னொரு தகடு.

ஏன் தண்ணீரை மொண்டு பார்க்கக் கூடாது என்று பிசின் கேட்டாள்.

"தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப மொண்டா இப்ப இருக்கிறது மட்டும்தான் தெரியும்" என்றாள் அக்கா. "சிப்பி அப்படி இல்ல. ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணிய உறிஞ்சி வடிகட்டும். எண்ணெய் இருந்தா அது சதையில தங்கிடும். ஒன்றரை மாசம் கழிச்சு அதைக் கேட்டா நடந்ததையெல்லாம் சொல்லிடும்."

ஒரே ஒரு சங்கடம். சோதனை அக்காவுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். கடலை ஆராய்வதுதான் அவள் பிழைப்பு. இருந்தாலும் கரையில் நின்றுதான் ஆராய்வாள். அதனால் கூடுகளைத் தொங்கவிடும் வேலையைப் படகுக்கார மாமா ஒருவரிடம் கொடுத்தாள். ஒன்றாம் நம்பர் ஒன்றாவது தூணில், இரண்டாம் நம்பர் இரண்டாவது தூணில் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் மூன்று தடவை தலையாட்டினார்.

அந்தப் படகுக்காரரைத் துறைமுகத்தில் அவசரம் என்று கூப்பிடுவார்கள். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாதவர் அவர். நாம் ஒரு கேள்வி கேட்டால், ஒரு அலை வந்து உடைந்து திரும்பிப் போன பிறகுதான் அவரிடமிருந்து பதில் வரும்.

ஒன்றரை மாதம் கழித்து அவசரம் மாமா கூடுகளை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். சோதனை அக்கா பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை துறைமுக அதிகாரி பட்டறைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை ஷூ. தரையில் எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

மூன்றாம் நம்பர் சிப்பியில்தான் எண்ணெய் அதிகமாம். மூன்றாவது தூணுக்கு நேர் எதிரே இருப்பது எது? பட்டறை. அதனால் பட்டறைக்குப் பூட்டுப் போடுகிறார். திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்து தகரத்தைப் பிரித்துவிடுவார்கள்.

நான் கடலில் எண்ணெய் ஊற்றவே இல்லை என்று அப்பா சொன்னார். பீப்பாயைக் காட்டினார். அதிகாரி காகிதத்தைக் காட்டினார். காகிதம் ஜெயித்தது. பெரிய பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணெய் டின் வருகிறது, தள்ளி உட்காருங்கள் என்றாள். பள்ளிக்கூட மணி அடித்ததும் பிசின் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போனாள். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனாள். எல்லாம் காரமான கேள்விகள்.

கதவைத் திறந்தால், சோதனை அக்கா வலது கை விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிப்பி ஓடு கிழித்திருந்தது. காலடியில் நம்பர் போட்ட ஒன்பது பைகளில் காலி ஓடுகள். ஒற்றைக் கையால் ஒரு பையை இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை.

பிசினுக்குப் பட்டியல் மறந்துபோயிற்று. "விடுங்கக்கா, நான் கொட்டுறேன்" என்றாள்.

"நீ யாரும்மா?"

"பட்டறைக்காரர் மகள்."

அக்காவின் முகம் வாடிப்போயிற்று. "எனக்கு உங்க அப்பா மேல ஒரு கோபமும் இல்லம்மா. நான் சொல்லல. சிப்பி சொல்லுது" என்றாள். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக, எண்ணெய் அளவைக் காட்டும் கறுப்புக் கட்டைகள் வரைந்திருந்தன. மூன்றாவது கட்டை எல்லாவற்றையும் விட உயரம். இரண்டும் நாலும் அதில் பாதி. ஏழு, எட்டு, ஒன்பது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

"சிப்பி பொய் சொல்லாதா?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பிசின் பைகளைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒன்பதாம் நம்பர் பையைக் கொட்டினாள். அதிலிருந்த ஓடுகளெல்லாம் சேறு பிடித்துப் பச்சைப் பாசி படர்ந்திருந்தன. எட்டும் அப்படித்தான். கொட்டக் கொட்டச் சேறு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நம்பர் பையைக் கவிழ்த்தபோது அழுகை சட்டென்று நின்றது.

அந்த ஓடுகளில் பாசியே இல்லை. குட்டிக் குட்டியாக வெள்ளைப் புள்ளிகள் ஓட்டோடு ஓடாக ஒட்டியிருந்தன. தடவினால் விரலைச் சுரண்டின. அம்மா இதை வெள்ளைப் பரு என்பாள். அலை அடிக்கும் வெளிக்கடலில்தான் இந்தப் பரு வரும். கரைப்பக்கத் தூண்களில் வாய்க்கால் தண்ணீர் கலப்பதால் அங்கே சேறும் பாசியும்தான். அம்மாவின் கூடையைத் தினமும் கழுவுகிறவளுக்கு இது தெரியாதா?

மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என இரண்டு ஓடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா வாசலில் காலிக் கூடையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிசின் வேறெதுவும் சொல்லாமல் பருப் பிடித்த ஓட்டை நீட்டி, இது எந்தத் தூண் என்று மட்டும் கேட்டாள்.

அம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இது ஆறுக்கு அந்தப் பக்கம். ஏழு இருக்கும்."

"பட்டறைக்கு எதிர்ல இருக்காதா?"

"அங்க ஏது பரு? அங்க வெறும் பாசி."

"இதுதாம்மா அந்த மூணாம் நம்பர் சிப்பி."

அம்மா ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பின்னால் தனியாகக் கட்டியிருந்த கொடியைப் பார்த்தாள். கடைசியில், படித்த பிள்ளை நம்பர் போட்டதில் தப்பு வருமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. பிசின் விடிந்ததும் பாலத்தடிக்குப் போனாள். அவசரம் மாமா பாலத்தின் கரைமுனையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர் கூட்டை எங்கே தொங்கவிட்டார் என்று கேட்டாள்.

ஒரு அலை வந்தது, போனது.

"மூணாம் நம்பரை மூணாவது தூண்ல. நாலாம் நம்பரை நாலாவது தூண்ல. எனக்கு எழுத்துதான் லேட்டா வந்துச்சு கண்ணு. எண்ணிக்கை சின்ன வயசுலயே வந்துடுச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா மாமா?"

"எண்ணி எண்ணித்தான் கட்டினேன்."

அவ்வளவுதான். பிசின் வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். இன்னும் இரண்டு நாளில் பட்டறை இருக்காது. அப்பா சாவி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்.

மாமா அவளைப் பார்த்தார். அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது வேலை கொடுத்தால் அழுகை நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "என் தண்ணி பாட்டிலைப் படகுலயே விட்டுட்டேன். ஒண்ணாவது தூண்லதான் கட்டியிருக்கேன். எடுத்துட்டு வர்றியா?"

அவளுக்கு எழுந்திருக்கவே மனமில்லை. ஆனாலும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று எழுந்தாள். ஒன்றாவது தூண் பத்தடி தூரம்தான். கைப்பிடியில் வயிற்றை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். இரண்டு நண்டுகள் இருந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்தது. படகு இல்லை.

திரும்பி வந்து, படகைக் காணோம் என்றாள்.

அப்போதுதான் துறைமுகம் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. அவசரம் மாமா அவசரப்பட்டார். வலையை உதறிவிட்டு எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்தின் மேல் ஓட்டமாக ஓடினார். ஒன்றாவது தூணைத் தாண்டினார். ஐந்தைத் தாண்டினார். பாலத்து நுனி வரை ஓடினார். பிசின் பின்னாலேயே ஓடினாள்.

நுனியில், எண்ணெய்க் கப்பலின் நிழலில், அவருடைய நீலப் படகு சாதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இங்கதானே இருக்கு. எதுக்குப் பிள்ளை என் உயிரை எடுக்கிறே?"

"நீங்க ஒண்ணாவது தூண்னு சொன்னீங்க. இது ஒன்பதாவது."

"இதுவா? நல்லாப் பார்த்துச் சொல்லு. கடல்லேருந்து வர்றவனுக்கு முதல்ல வர்ற தூண் ஒண்ணாவதா, ஒன்பதாவதா? எங்க அப்பா காலத்துலேருந்து படகுக்காரங்க இப்படித்தான் எண்ணுறோம்."

பிசின் விரல்களை மடக்கினாள். ஒன்பது, எட்டு, ஏழு. கடலிலிருந்து எண்ணினால் மூன்று. கரையிலிருந்து எண்ணினால் ஏழு. அம்மா கட்டைவிரலால் தடவிச் சொன்ன அதே ஏழு.

மாமாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வந்ததைவிட வேகமாக ஓடினாள்.

சோதனை அக்கா முதலில் நம்பவில்லை. நான் இரண்டு தடவை சொன்னேனே என்றாள். பிசின் சுவரிலிருந்த தாளைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புக் கட்டைகள் தாளுக்குள்ளிருந்து மறுபக்கமாகத் தெரிந்தன. உயரமான கட்டை இப்போது மூன்றாவது இடத்தில் இல்லை. ஏழாவது இடத்தில் நின்றது. பட்டறைக்கு எதிரே இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் கட்டை, எறும்பு படுத்திருப்பதுபோல் கிடந்தது.

பிசின் பருப் பிடித்த ஓட்டையும் பாசி பிடித்த ஓட்டையும் மேசையில் வைத்தாள். அக்கா அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சதையைத்தான் சோதிச்சேன். ஓட்டைப் பார்க்கவே இல்லையே."

கயிற்றின் மேல்முனைத் தகடுகள் இன்னும் தூண்களில்தான் இருந்தன. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"படகுலயா?" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

அதிகாரியைப் போனில் கூப்பிட்டார்கள். சனிக்கிழமையும் விடமாட்டீர்களா என்று சலித்துக்கொண்டு வந்தார். அதே வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. மத்தியானம், தண்ணீர் வற்றியிருந்த நேரம், நீலப் படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. அவசரம் மாமா துடுப்புப் போட்டார். அதிகாரி நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சோதனை அக்கா ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிசின் முன்னால் குனிந்து நின்றாள். மேலே பலகை இடுக்கு வழியாக அப்பாவின் ஒரு கண்ணும் அம்மாவின் ஒரு கண்ணும் தெரிந்தன.

நுனித் தூணில் ஒன்று என்ற தகடு. அடுத்த தூணில் இரண்டு. அதற்கடுத்த தூணில், கரையிலிருந்து எண்ணினால் ஏழாவதில், மூன்று.

"பாருங்க சார்" என்றாள் பிசின்.

அதிகாரி பார்த்தார். நம்பர் மாறியிருப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இங்கே எண்ணெய் எப்படி வரும், இங்கே பட்டறையும் இல்லை, எஞ்சினும் இல்லை, சுற்றிலும் வெறும் தண்ணீர் என்றார். அதனால் இதையெல்லாம் நிதானமாக அடுத்த மாதம்...

சொட்.

அவருடைய வெள்ளைத் தோளில் ஒரு கறுப்புப் பொட்டு.

அதிகாரி தோளைப் பார்த்தார். சொட். இன்னொரு பொட்டு. எல்லாரும் மெதுவாக அண்ணாந்தார்கள். தலைக்கு மேல் அந்தத் தடித்த குழாய் ஓர் இடத்தில் வளைந்தது. வளைவின் மூட்டில் எண்ணெய் முத்து முத்தாகத் திரண்டு, பழுத்து, விழுந்துகொண்டிருந்தது. நுனியில் கப்பல் அப்போதுதான் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது. கப்பல் இறக்கும்போது மட்டும் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், மூட்டு கசியும். கப்பல் போனதும் கசிவு நின்றுவிடும். மேலே நடந்தவர் யார் கண்ணிலும் அது படவில்லை. சிப்பிகள் மட்டும் ஒரு சொட்டையும் மறக்கவில்லை.

சோதனை அக்கா வாளியிலிருந்து முகத்தை எடுத்தாள். முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் பளபளத்தது. "சிப்பி சரியாத்தான் சொல்லியிருக்கு சார். நான்தான் மாத்திக் கேட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி போனை எடுத்துக் கப்பலை நிறுத்தச் சொன்னார். நின்றது. ஆனால் குழாய்க்குள் மிச்சமிருந்த எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாய்க்காரர்கள் வந்து சேர நாளை ஆகும் என்றார்கள். அதிகாரி மேலே பலகை இடுக்கைப் பார்த்தார். அங்கே இருந்த கண்ணைப் பார்த்துக் கேட்டார். "மெக்கானிக், இதை இப்போதைக்கு நிறுத்த முடியுமா?"

"ஒரு பட்டை போட்டு இறுக்கினா நிக்கும் சார்" என்றது மேலிருந்து குரல். "ஆனா பட்டையும் ஸ்பேனரும் பட்டறைக்குள்ள இருக்கு. சாவி உங்க பையில இருக்கு."

அவசரம் மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார். படகே குலுங்கியது.

அதிகாரி தானே நடந்து போய், தானே பூட்டைத் திறந்தார். சாவியைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அதிகாரியின் தோளிலிருந்த பொட்டுகளைப் பார்த்த அம்மா, எந்தச் சோப்பு போட்டால் போகும் என்று சொன்னாள். அதில் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. கயிற்றில் தொங்கிக்கொண்டு அப்பா கடைசி முறுக்கு முறுக்கியபோது, பாலத்தின் மேல் நின்ற கூட்டம் கைதட்டியது. அந்தக் கூட்டத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியும் இருந்தாள். இந்தத் தடவை அவள் மூக்கில் கை இல்லை. இரண்டு கையும் தட்டுவதில் இருந்தது.

குழாயின் மூட்டை மறுநாள் மாற்றினார்கள். சோதனை அக்கா மறுபடி ஒன்பது கூடுகள் தொங்கவிட்டாள். அதற்கு முன்னால் பிசினிடம் பெயிண்டும் பிரஷும் கொடுத்து, எல்லாத் தூணிலும் நம்பர் எழுதச் சொன்னாள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று அரை நாள் சண்டை நடந்தது. அவசரம் மாமா விட்டுக்கொடுக்கவில்லை, அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பிசின் ஒவ்வொரு தூணிலும் இரண்டு நம்பர் எழுதினாள். கரையைப் பார்த்த பக்கம் கரைக்காரர்கள் எண்ணிக்கை. கடலைப் பார்த்த பக்கம் படகுக்காரர்கள் எண்ணிக்கை. நடுவில் இருந்த ஐந்தாவது தூண் மட்டும் இரண்டு பக்கமும் ஐந்து. அது யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா புதிய தாளை ஒட்டினாள். ஒன்பது கட்டைகளும் எறும்புகள். தூண்களில் இருந்த பழைய சிப்பிகளும் நல்ல தண்ணீரைக் குடித்துக் குடித்து எண்ணெயைக் கழித்துவிட்டன என்றாள். அம்மா அன்றே ஒரு கூடை கொண்டுபோனாள். உணவகத்துச் சமையல்காரர் ஒரு சிப்பியை முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். கூடைக்குள் தலையையே விட்டு முகர்ந்தார். பிறகு அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினார்.

அன்று சாயங்காலம் அம்மா பின்பக்கத்துக் கொடியை அவிழ்த்துச் சுருட்டினாள். அப்பாவின் சட்டைகளை எடுத்து வந்து தன்னுடைய துணிகளுக்குப் பக்கத்தில் போட்டாள். போடும்போது ஒன்றை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னும் டீசல் வாடைதான்" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றாள் பிசின். "இது அப்பாவோடது."